தம்பதிகளின் பேச்சும் சர்க்காரின் காதும்

"சாப்பாடு ஆயிற்றா?"

"ஆயிற்று. அங்கே மழையா?"

"காலையிலிருந்து விடவில்லை. கடிதம் ஏதேனும் வந்ததா?"

"இன்னும் வரவில்லை."

இந்தச் சம்பாஷணையில் காவியச் சுவை ஒன்றுமில்லை. பேசுகிறவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து முதியோர் விடுதியொன்றில் ஊழியம் செய்யும் மனைவி என்றும், மற்றவர் ஆமதாபாத்தில் இருக்கும் அவருடைய கணவர் என்றும் வைத்துக்கொள்வோம். அவர்கள் எதிர்பார்க்கும் கடிதம் விஸாக் கடிதம். மனைவி பிரிட்டிஷ் பிரஜை. கணவர் இந்தியப் பிரஜை. இரு ஊர்களுக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். அவள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவனுக்கு நடுநிசி. ஆயினும் அந்த நடுநிசியில் கைபேசியை எடுத்து, சாப்பாடு ஆயிற்றா என்று அவன் கேட்டே தீருகிறான். இத்தகைய தம்பதிகள் உலகெங்கும் இன்று எண்ணற்றோர் இருக்கின்றனர். அவர்களுடைய அன்றாடப் பேச்சைப் பற்றியே இன்று நாம் எழுத முன்வந்தோம்.

பத்திரிகையின் தலையங்கத்துக்கு இது தகுந்த விஷயந்தானா என்று வாசகர்களிற் சிலர் ஐயுறலாம். தகுந்ததே என்பது நமது துணிபு. ஒரே கூரையின்கீழ் வாழும் கணவனும் மனைவியும் பேசாமலிருந்தாலும் இல்லறம் நடக்கும். அடுப்பில் பால் பொங்குவதும், குழந்தை அழுவதும், கதவு திறக்கும் ஓசையும் அவர்களுக்காகப் பேசிவிடும். கடலுக்கு இப்புறமும் அப்புறமுமாக நிற்பவர்களுக்கோ பேச்சொன்றே வீடு. கறிக்கு என்ன விலை, பல்வலி தணிந்ததா, மாமியாருக்கு மருந்து வாங்கியாயிற்றா என்ற சொற்களே அவர்களுக்குச் சுவரும் கூரையுமாகின்றன. அறிஞர்கள் வீண்பேச்சு என்று தள்ளும் இச்சொற்களைக் களைந்துவிட்டால், அவர்களுடைய விவாகத்தில் எஞ்சி நிற்பது பதிவுச் சான்று ஒன்றே.

இன்னொரு விந்தையும் உண்டு. இவ்வாறு காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படியோ கண்டுபிடித்துக்கொள்கின்றனர். முதலில், "உங்களுக்கு எத்தனை மாதமாயிற்று?" என்று கேட்கின்றனர். அடுத்து, எந்தக் காகிதத்தை எங்கே இணைப்பது என்ற ஆலோசனை நடக்கிறது. நாலு நாள் சென்றபின் பேச்சு வேறு திசையில் திரும்பிவிடுகிறது. ஒருவர் வீட்டுப் பூனை குட்டி போட்டது, ஒருவர் ரொட்டி சுட்டது கருகிப்போனது, ஒருவருடைய குழந்தை தகப்பனைக் கைபேசித் திரையில் மட்டுமே கண்டு "அப்பா" என்று அந்தத் திரையைத் தடவியது ஆகிய செய்திகளே மிகுதியாக உலவுகின்றன. விஸாவைப் பற்றிப் பேசவே கூடியவர்கள், விஸாவை மறப்பதற்காகவே தொடர்ந்து பேசுகின்றனர். துன்பத்தில் அகப்பட்ட மக்கள் தங்கள் மனிதத் தன்மையைக் காப்பாற்றிக்கொள்ள இயற்கையாகக் கைக்கொள்ளும் உபாயம் இது. இதனை நாம் மதிக்கிறோம்.

ஆனால் இந்தப் பேச்சை இப்போது மற்றொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்தாம் குடியேற்ற உத்தியோகஸ்தர்.

பிரிட்டனில் 2012-ஆம் வருஷம் ஜூலை மாதம் அமலுக்கு வந்த குடும்பக் குடியேற்ற விதிகளின்படி, தம்பதிகளின் உறவு உண்மையானதென்றும், நடப்பிலுள்ளதென்றும் சர்க்காருக்குத் திருப்தி உண்டாகவேண்டும். ஒன்றாக வாழ்ந்தவர்கள் வாடகைச் சீட்டையும் கூட்டுக் கணக்கையும் காட்டலாம். ஒன்றாக வாழவே அநுமதி கிடைக்காதவர்கள் எதைக் காட்டுவது? அவர்களிடம் இருப்பது பேச்சுத்தான். ஆகவே கைபேசியில் அனுப்பிக்கொண்ட வாசகங்களை மாதத்துக்குச் சில பக்கமென்று அச்சிட்டு, அழைத்த நேரத்தையும் பேசிய நிமிஷங்களையும் பட்டியலிட்டு, மனுவுடன் சேர்க்கின்றனர். அமெரிக்காவிலும் இதே காட்சிதான். தன் மணமகனையோ மணமகளையோ அங்கே வரவழைக்க விரும்பும் அமெரிக்கப் பிரஜை, மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்ததை ருஜுப்பிக்கவேண்டும். உறவு மெய்யானது என்பதற்குக் கடிதங்களும் கைபேசி வாசகங்களும் படங்களும் கட்டுக் கட்டாகப் போகின்றன.

எவரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களாகவே கொடுக்கின்றனரே என்று சிலர் சொல்லக்கூடும். பசித்தவன் தானாகவே கையேந்தினான் என்பது போன்ற வாதம் இது. கொடாவிட்டால் மனு தள்ளுபடியாகுமோ என்ற அச்சத்தில் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதாகாது. இதன் விளைவையும் கவனிக்கவேண்டும். தன் சொல்லை நாளை அந்நியன் படிப்பான் என்று அறிந்தவன் முன்போல் பேசமாட்டான். சண்டையிட்ட நாளின் பக்கத்தைச் சேர்ப்பதா, விடுவதா? விட்டால் மறைத்ததாகுமா? இரண்டு நாள் பேசாதிருந்ததற்கு விளக்கம் எழுதவேண்டுமா? கொஞ்சும் சொற்கள் குறைவாக இருந்தால் உத்தியோகஸ்தர் என்ன நினைப்பார்? ஊடலுக்கும்கூட வாய்தா வாங்கவேண்டிய நிலைமை வந்துவிடுகிறது. சாப்பாடு ஆயிற்றா என்று அன்பினால் கேட்டவன், ஆதாரத்துக்காகவும் கேட்கத் தொடங்குகிறான். மெய்யான பேச்சுக்கும் காட்டுவதற்கான பேச்சுக்கும் உள்ள வரம்பு இவ்வாறு அழிகிறது. மெய்யைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட பரீக்ஷை மெய்யைக் கெடுப்பதென்றால், அந்தப் பரீக்ஷையால் யாருக்கு லாபம்?

சட்டம் பயின்றவர்களுக்கு இவ்விஷயத்தில் விசேஷமான வருத்தம் உண்டாவது இயல்பு. கணவனும் மனைவியும் தனிமையில் பேசிக்கொள்வதை நியாயஸ்தலம் கேட்கலாகாது என்ற கொள்கை ஆங்கிலேயர் போற்றி வளர்த்ததே. 1853-ஆம் வருஷத்துச் சாட்சியத் திருத்தச் சட்டம், விவாகத்தின்போது மனைவி சொன்னதைக் கணவனோ, கணவன் சொன்னதை மனைவியோ வெளியிடும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது என்று விதித்தது. அக்கொள்கையையே ஆங்கிலேயர் இந்நாட்டுக்கும் கொணர்ந்து, 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 122-ஆவது பிரிவில் பதித்தனர். தம்பதிகளுக்குள்ளேயே நடக்கும் வழக்கும், ஒருவருக்கெதிராக மற்றவர் செய்த குற்றத்தின் விசாரணையுமே அதற்கு விலக்கு. இங்கிலாந்தில் சிவில் வழக்குகளுக்கு 1968-லும் கிரிமினல் வழக்குகளுக்கு 1984-லும் அந்தப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. நமது நாட்டிலோ 2023-ஆம் வருஷத்துப் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது நிலைபெற்றிருக்கிறது. கொலை வழக்கிலும் கணவனுடைய தனிப் பேச்சைச் சொல்லும்படி மனைவியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் தயங்கியது. அவளிடம் எந்தக் குற்றமும் சாட்டப்படாதபோது, ஒரு மனுவின் பொருட்டு அதே பேச்சை மேஜைமீது பரப்பும்படி செய்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

சந்தேகத்தின் இந்த வழி புதியதன்று. 1979-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், தமக்கு நிச்சயிக்கப்பட்டவரை மணப்பதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயதுள்ள இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் மணமாகாதவர்தாம் என்று தெரிந்துகொள்வதற்காகத் தேகப் பரிசோதனைக்கு உள்ளாக்கினர். செய்தி வெளியானதும் இந்தியா கொதித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அவ்வழக்கத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. 1980-ஆம் வருஷத்து விதிகளிலே வேறொரு கண்ணி வைக்கப்பட்டது. விவாகத்தின் பிரதான நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவதே என்று உத்தியோகஸ்தர் கருதினால் மனு தள்ளப்படும் என்பது அவ்விதி; அந்நோக்கம் இல்லையென்று மனுதாரரே ருஜுப்பிக்கவேண்டும் என்று 1983-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இல்லாத நோக்கத்தை இல்லையென்று நிரூபிப்பது எப்படி? விவாகத்துக்குப் பிறகு எழுதிய கடிதங்களையும் செய்த பிரயாணங்களையும் கொண்டு, இடைக்காலத்தில் அன்பு நீடித்ததா என்று நியாயஸ்தலங்கள் ஆராயலாயின. அவ்விதி முக்கியமாக நமது நாட்டிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் சென்ற ஆடவரைத் தாக்கிற்று. 1985-ஆம் வருஷம் மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமை நியாயஸ்தலம், ஆடவர் மனைவியரை வரவழைப்பது எளிதாகவும், பெண்டிர் கணவரை வரவழைப்பது கடினமாகவும் இருப்பது பாரபட்சமென்று தீர்ப்பளித்தது. பெண்டிருக்கு வழி திறந்து சமத்துவம் காணலாம் அல்லவா? சர்க்கார் ஆடவருக்கும் வழியைக் குறுக்கிச் சமத்துவம் கண்டது! பிரதான நோக்க விதி 1997-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலேயே ஒழிந்தது.

இவற்றைப் படிக்கும் தமிழருக்கு அதனினும் பழைய ஒரு சம்பவம் நினைவுக்கு வராமலிராது. 1913-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்த தம் கணவரிடம் இந்தியாவிலிருந்து சென்ற பாய் மரியம் என்ற முஸ்லிம் பெண்மணியைக் கரையிறங்க விடாமல் தடுத்த வழக்கில், நீதிபதி ஸெர்ல் தீர்ப்புக் கூறினார். இந்திய முறைப்படி நடந்த விவாகங்கள் செல்லாதென்றே அத்தீர்ப்பு நம்மவரால் பொருள் கொள்ளப்பட்டது. ஒரு நாளில் நமது பெண்டிர் மனைவியரல்லாதவராயினர். அதன் பலன் யாவரும் அறிவர். கஸ்தூரிபா சிறை புகுந்தார். டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் எல்லை கடந்து நேட்டாலுக்குள் சென்று, நியூகாஸில் சுரங்கத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோய்ப்பட்டு, வெளிவந்து, 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தார். அவ்வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி, நம்மவரின் விவாகங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஒரு மனைவி தன் கணவனுடன் சேர்ந்து வாழ்வதற்குச் சர்க்காரின் தயவு வேண்டுவதில்லை என்பதற்காகத் தமிழ்ப் பெண்கள் உயிரையும் ஈந்திருக்கின்றனர். ஆதலின் இது நமக்கு அந்நிய விஷயமன்று.

பேச்சை எடைபோட்ட பிறகு சர்க்கார் பணப்பையை எடைபோடுகிறது. கணவனையோ மனைவியையோ வரவழைக்கும் பிரிட்டிஷ் பிரஜைக்கு வருஷ வருமானம் 18,600 பவுன் இருக்கவேண்டுமென்று 2012-இல் விதித்தனர். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அதனை ஒரேயடியாக 29,000 பவுனாக உயர்த்தினர். 38,700 வரையில் உயர்த்துவதாகவும் திட்டமிருந்தது. அவ்வருஷம் ஜூலையில் பதவியேற்ற புதிய மந்திரிசபை அதனை நிறுத்தி வைத்தது. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டுச் சர்க்காரே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுன். வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம் வருஷம் முழுவதும் ஒருவர் உழைத்தால் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 23,800 பவுன். அதாவது, பிரஜை ஒருவர் உழைத்து வாழ்வதற்குப் போதுமென்று சர்க்கார் ஒரு கையால் எழுதிய கூலி, அவர் விவாகம் செய்துகொண்டு வாழ்வதற்குப் போதாதென்று மறு கையால் எழுதப்படுகிறது. முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்கவைக்கும் நமது லெஸ்டர் மனைவிக்குத் தன் கணவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் தகுதியில்லை. வங்கியில் 88,500 பவுன் சேமிப்புள்ளவருக்கோ வருமானமே வேண்டுவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவன் அங்கே வந்து சம்பாதிக்கப்போவதும் கணக்கில் சேராது. அன்பில் ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை என்பர்; விஸாவில் உண்டு.

இதன் சுமை குழந்தைகள்மீதும் விழுகிறது. இவ்விதிகளால் தாயையோ தந்தையையோ பிரிந்து, திரையின் வழியாக மட்டுமே கண்டு வளரும் குழந்தைகள் சுமார் 15,000 பேர் இருக்கலாமென்று இங்கிலாந்தின் குழந்தைகள் கமிஷனருக்காகத் தயாரித்த 2015-ஆம் வருஷத்து அறிக்கை மதிப்பிட்டது. 2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு வருமான வரம்பைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்ட போதிலும், குழந்தைகளின் நலத்தைப் போதிய அளவு கருதாத குறையைக் கண்டித்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோ 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்நியரான தன் கணவனை நாட்டுக்குள் அநுமதிக்கவேண்டும் என்று கேட்க ஒரு பிரஜைக்கு அரசியல் சட்டப்படி அடிப்படை உரிமை இல்லையென்று ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மணம் புரிய உரிமையுண்டு, சேர்ந்து வாழ உரிமையில்லை என்றால், அந்த மண உரிமையைக் கொண்டு ஒரு பிரஜை செய்யப்போவது யாது?

பிறர் வீட்டுக் குறையைச் சொல்லுமுன் நம் வீட்டு வாசலையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பஹல்காமில் நடந்த கொடிய கொலைகளுக்குப் பிறகு பாகிஸ்தானியரின் விஸாக்கள் ரத்தாயின. அட்டாரி எல்லையில் கணவன் இப்புறமும் மனைவி அப்புறமுமாகப் பிரிந்த குடும்பங்களின் கண்ணீரைப் பத்திரிகைகளில் படித்தோம். கொலைகாரருக்குத் தண்டனை வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் அத்தண்டனை ஒரு தாயின் மடிமீது விழக்கூடாது. லண்டனில் நியாயம் கேட்பவர்கள் அட்டாரியிலும் அதே நியாயத்தைச் சொல்லத் துணியவேண்டும்.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தையும் கவனிப்போம். போலி விவாகங்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவோரும், பெண்களை ஏமாற்றி நாடு கடத்துவோரும் உண்டு. இதனை நாம் மறுக்கவில்லை. நாட்டின் வாசலைக் காக்கும் உரிமை எந்தச் சர்க்காருக்கும் உண்டென்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் திருடன் ஒருவன் இருக்கிறானென்று ஊரார் அனைவரையும் சோதனையிடுவது போலீஸ் திறமைக்கு அழகன்று. அன்றியும், போலியாக மணம் செய்பவன்தான் காகிதத்தைப் பூரணமாகத் தயாரிக்கிறான். அவனுடைய வாசகங்களில் கொஞ்சல் குறையாது; அழைப்புகளில் ஒரு நாளும் தவறாது. மெய்யாக வாழ்கிறவன்தான் மறக்கிறான், சண்டையிடுகிறான், சலித்து மௌனமாகிறான், படம் பிடிக்கத் தவறுகிறான். பேச்சைக் கொண்டு விவாகத்தை அளப்பவர்கள் நடிகனைத் தேர்ச்சியடையச் செய்து, நல்லவனைத் தவறச் செய்வார்கள்.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. சட்டப்படி நடந்த விவாகத்தை மெய்யென்றே முதலில் கொள்ளவேண்டும். மோசடியென்று சொல்லும் சர்க்காரே குறிப்பான காரணங்காட்டி அதனை ருஜுப்பிக்கட்டும். தம்பதிகள் சந்தித்ததற்கும் தொடர்புடன் இருப்பதற்கும் பிரயாணச் சீட்டும் அழைப்புக் கணக்கும் இரு குடும்பத்தாரின் வாக்குமூலமும் போதும். அந்தரங்க வாசகங்கள் வேண்டாமென்று விதியிலேயே தெளிவாக எழுதவேண்டும். மனுவுக்கு விடையளிக்க ஒரு காலவரம்பு ஏற்படுத்தி, அது கடந்தால் தாமதத்தின் பலன் தம்பதிகளுக்கே சேரும்படி செய்யவேண்டும். முழு நேரம் உழைக்கும் பிரஜையின் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டி வருமான வரம்பு எதுவும் இருத்தலாகாது. வரவிருக்கும் துணைவரின் சம்பாத்தியமும் கணக்கில் சேரவேண்டும். இந்திய சர்க்காரும் பிரிட்டனுடன் வியாபார உடன்படிக்கைகளைப் பேசும்போது, சரக்குகள் கடல் கடப்பதைப் பற்றி எவ்வளவு சிரத்தை காட்டுகிறதோ, அதில் நாலிலொரு பங்கு சிரத்தையைக் குடும்பங்கள் கடல் கடப்பதிலும் காட்டுமாறு வற்புறுத்துகிறோம்.

இன்றிரவும் ஆமதாபாத்தில் ஒருவன் உறக்கம் விழித்துக் கைபேசியை எடுப்பான். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவள் அவன் மனைவி ஒருத்தியே. இடையில் நிற்கும் சர்க்கார் காதை எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கட்டும்.